நாற்பத்தொன்பது ஓட்டும் ஒரு கையெழுத்தும்

ஏற்காட்டுச் செம்மநத்தம் மாதிரியான மலைச்சாவடிக்குத் தேர்தல் பணி போடப்பட்ட ஆசிரியர், வாக்குப்பதிவுக்கு முதல் நாளே சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்துவிட வேண்டும். ராத்தங்கல் பெரும்பாலும் பள்ளிக்கூட பெஞ்சில்தான். விடியுமுன் எழுந்து, முகவர்கள் முன்னால் ஐம்பது மாதிரி ஓட்டுகளைப் போட்டுக் காட்டி, அவற்றை அழித்து, இயந்திரத்துக்கு முத்திரை வைப்பார். பிறகு சாயங்காலம் வரை காப்பித் தோட்டத்து மனிதர்களின் விரலில் மை. அவர்களுடைய ரகசியத்துக்கு அன்று அவர்தான் காவல்.

அவருடைய சொந்த ஓட்டோ வேறு தொகுதியில், தபால் ஓட்டாக, உறைக்குள் உறையாகக் கிடக்கும். சீட்டு உள்ளுறையில், அதோடு 13-ஏ என்ற உறுதிமொழிப் படிவம், அதில் சான்றொப்பம். அந்தக் கையெழுத்தைப் போட்டவருக்கு அதற்கான தகுதி இல்லை என்று எண்ணும் மேசையில் இருப்பவர் முடிவு செய்தால், உள்ளுறையைப் பிரிக்கவே மாட்டார்கள். யாருக்குப் போட்டார் என்ற கேள்வியே எழாமல் ஓட்டு செத்துப்போகும்.

2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் நடந்தது இதுதான். அ.தி.மு.க.வின் இன்பதுரை 69,590, தி.மு.க.வின் அப்பாவு 69,541. வித்தியாசம் 49. தள்ளுபடியான தபால் ஓட்டுகளில் 203-ஐச் சுற்றித்தான் வழக்கே. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் போட்ட சான்றொப்பம் செல்லுமா, செல்லாதா? ஒரு லட்சத்து முப்பத்தொன்பதாயிரம் பேர் இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்த தீர்ப்பு, கடைசியில் ஒரு தலைமையாசிரியரின் பதவி அந்தஸ்தில் வந்து நின்றது. செல்லும் என்றுதான் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. தபால் ஓட்டுகளையும் 19, 20, 21-ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணவும் உத்தரவிட்டது. ஆனால் அந்த உத்தரவு வந்த மாதம் 2019 அக்டோபர். தேர்தல் முடிந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நம் எண்ணும் முறையின் பலம் பெரிது. அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. பதினான்கு மேசை, சுற்றுக்குச் சுற்று பலகையில் எழுதும் எண்ணிக்கை, மேசைக்கொரு முகவர் என்று, அநேகமாக ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. சீட்டுக் காலத்தில் செல்லாத ஓட்டு பற்றி மேசைக்கு மேசை நடந்த சண்டையை இயந்திரம் ஒழித்துவிட்டது. ஆனால் சண்டை எங்கும் போய்விடவில்லை. காகிதத்தில் ஓட்டுப் போடும் ஒரே மூலையில், தபால் ஓட்டில், போய் உட்கார்ந்துகொண்டது. கேரளத்தின் பெரிந்தல்மண்ணாவில் 2021-இல் வித்தியாசம் 38. அங்கும் எண்ணாமல் ஒதுக்கிய தபால் ஓட்டுகள்தான் வழக்கு. அதிகாரியின் கையெழுத்துதான் குறை. போதாக்குறைக்கு, வழக்குக்குரிய பெட்டியொன்று காணாமல் போய் கூட்டுறவுத் துறை அலுவலகத்தில் கிடைத்தது. மனு தள்ளுபடியானது 2024-இல்.

ஒரு மாநிலத்தின் தலைமைப் பதவியே இப்படி ஊசிமுனையில் நின்றால் என்ன ஆகும்? நம்மூரில் அதைப் பார்க்க வழியில்லை. ஆளுநரை மக்களே தேர்ந்தெடுப்பது என்று அரசியல் நிர்ணய சபை 1947-இல் ஏற்றுக்கொண்டது. 1949-இல் மனம் மாறி, நியமனம் போதும் என்றது. முதலமைச்சருக்கும் ஆளுநருக்கும் மக்கள் ஆதரவில் போட்டி வந்துவிடும் என்பது முக்கியமான அச்சம். (போட்டி வராமல் போய்விட்டதா என்பதைக் கிண்டி ஆளுநர் மாளிகைச் செய்திகளைப் படிப்பவர்கள் சொல்லட்டும்.) அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் நம் முதலமைச்சர் மாதிரி, மாநிலம் முழுவதும் அவருக்கு நேரடியாக ஓட்டுப் போடும்.

வாஷிங்டன் மாநிலத்தில் 2004-இல் ஏறக்குறைய 28 லட்சம் ஓட்டுகள். முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் டினோ ராசி 261 ஓட்டு முன்னிலை. வித்தியாசம் குறைவு என்பதால் சட்டப்படி இயந்திரத்தில் மறுபடி எண்ணினார்கள், 42 ஆனது. மூன்றாவதாகக் கையால் எண்ண, ஜனநாயகக் கட்சி பணம் கட்டியது. இதற்கிடையே கிங் கவுண்டி மன்றத் தலைவர் லாரி பிலிப்ஸ், தள்ளுபடியானவர்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டு வருகையில் தன் பெயரே அதில் இருப்பதைக் கண்டார். அந்த ஒரு பெயரை வைத்துத் தோண்டியதில் தவறாக ஒதுக்கிய நூற்றுக்கணக்கான ஓட்டுகள் வெளியே வந்தன. முடிவில் கிறிஸ்டீன் கிரகோயர் 129 ஓட்டில் ஆளுநர்.

இதிலும் ஓட்டை உண்டு. இரண்டு முறை ஜெயித்தவன் மூன்றாம் முறை தோற்றால், பாதி மாநிலம் அதைச் சூது என்றுதான் சொல்லும், சொன்னது. பணம் கட்டினால் மறுபடி எண்ணலாம் என்பதும் கட்சிக்குச் சரி, கைக்காசு போட்டு நிற்கும் சுயேச்சைக்கு எட்டாது. ராசி தரப்பு தொடுத்த வழக்கில் 1,678 ஓட்டுகள் சட்ட விரோதமானவை என்று நீதிபதி கண்டார்; அவை யாருக்கு விழுந்தன என்பதற்குச் சான்றில்லை என்று மனுவைத் தள்ளினார். அரைகுறை நியாயம்தான். ஆனால் தீர்ப்பு தேதி 2005 ஜூன் 6. பதவியேற்று ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ராசி மேல்முறையீடு செய்யவில்லை. எனக்கு அந்த அரைகுறை போதும்.

இங்கே மறு எண்ணிக்கை உரிமை இல்லை, விண்ணப்பம். 1961-ஆம் ஆண்டு விதிகளின் 63-ஆம் விதிப்படி காரணம் காட்டி எழுதிக் கேட்க வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் தேர்தல் நடத்தும் அலுவலர் கையில். மறுத்தால் 45 நாளுக்குள் உயர்நீதிமன்றம். அங்கே ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். 'முயல' என்ற அந்த ஒரு சொல்லில்தான் ஐந்து வருஷமும் ஓடிப்போகிறது.

தேர்தல் ஆணையம் சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. வெற்றி வித்தியாசம், தள்ளுபடியான தபால் ஓட்டுகளைவிடக் குறைவாக இருந்தால் அவற்றை மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும் என்று இப்போது அறிவுறுத்தல் உண்டு. அப்படியொரு சரிபார்ப்பு 2016-இல் ஒழுங்காக நடந்திருந்தால் ராதாபுரம் அன்று ராத்திரியே தீர்ந்திருக்கலாம்.

சாவடிவாரியாக எண்ணுவது இந்த மாதிரி வழக்குக்கு வசதி; எந்தச் சுற்றில் பிசகு என்று விரலை வைத்துக் காட்டலாம். மலையில் அதே வசதிக்கு வேறு முகம். ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. நாலைந்து குக்கிராமத்துக்கு ஒரு சாவடி. முடிவு வந்தபின் அந்தச் சாவடியின் கணக்கு எல்லோர் கையிலும். யார் எந்தச் சின்னத்தை அழுத்தினார் என்று தெரியாவிட்டாலும், எந்த ஊர் அழுத்தவில்லை என்று தெரிந்துவிடும். ரோடு கேட்டுப் போகும்போது அந்தக் கணக்கைத் திருப்பிப் படித்துக் காட்ட ஆள் இருக்கிறது. பல சாவடிகளின் ஓட்டைக் கலந்து கூட்டும் டோட்டலைசர் கருவியை ஆணையம் 2008-லேயே கேட்டது. சட்ட ஆணையம் 2015-இல் பரிந்துரைத்தது. மத்திய அரசு வேண்டாம் என்றது. நூலிழைத் தொகுதிக்குச் சாவடிக் கணக்கு தேவை. அதை வேட்பாளரும் நீதிமன்றமும் கேட்கும்போது திறந்தால் போதாதா? எல்லாத் தொகுதியிலும், எல்லாருக்கும், எப்போதும் எதற்கு?

ராதாபுரம் மறு எண்ணிக்கை 2019 அக்டோபர் 4-ஆம் தேதி உயர்நீதிமன்ற வளாகத்தில் நடந்தது. முடிவை வெளியிடக் கூடாது என்று உச்சநீதிமன்றம் தடை போட்டது. எண்ணியவர்களுக்கு ஒரே நாள் வேலை. சட்டமன்றத்தின் ஆயுள் 2021 மே மாதம் முடிந்தபோதும் தடை நீங்கவில்லை; இன்பதுரை முழுக் காலமும் உறுப்பினராக இருந்து முடித்தார். அந்த வருஷம் அதே இருவரும் மறுபடி மோதினார்கள். அப்பாவு 5,925 ஓட்டில் ஜெயித்து, பேரவைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த முறை தலைமையாசிரியரின் கையெழுத்தை யாரும் உற்றுப் பார்க்கவில்லை.