முகப்பும் கூரையும்

கதை எழுதுகிறவனைப் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கூப்பிடுவது நம் ஊர் வழக்கம். பேசத் தெரியும் என்று நினைத்துக் கூப்பிடுகிறார்கள். மாட்டேன் என்று சொல்லத் தெரியாததால் நானும் போய்விடுகிறேன். அப்படித்தான் ஒரு மார்ச் மாதத்தில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். கட்டடம் புதிது. என் பேச்சைக் கேட்பதைவிட அந்தக் கட்டடத்தை எனக்குக் காட்டுவதில்தான் அவர்களுக்கு ஆவல் அதிகம் என்பது போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்தது.

முகப்பு பிரமாதமாக இருந்தது. கோயில் மண்டபத்தில் இருப்பதுபோல நான்கு சிமெண்டுத் தூண்கள். அவற்றின் உச்சியில் தாமரை மொட்டு. வாசலுக்கு மேலே ஒரு வளைவு. சுவரில் வர்ணத்தில் ஏர் பூட்டிய உழவரும் குத்துவிளக்கும்.

"நம் பண்பாடு பிள்ளைகள் கண்ணில் தினமும் பட வேண்டும், ஐயா. அதற்காகத்தான் செலவைப் பார்க்காமல் செய்தோம்" என்றார் நிர்வாகி. நல்ல மனிதர். உண்மையாகவே அப்படி நம்பினார். நானும் தலையை ஆட்டினேன்.

பிறகு மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மணி இரண்டரை. கத்திரி தொடங்க இன்னும் வெகு நாள் இருந்தது. ஆனாலும் அந்த வகுப்புக்குள் கால் வைத்ததும் சூளைக்குள் எட்டிப் பார்த்தது போல இருந்தது. தலைக்கு மேலே வெறும் காங்கிரீட் தளம். மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி ஜன்னல். வெயில் தாங்காமல் அதன்மேல் பழைய செய்தித்தாள்களை ஒட்டியிருந்தார்கள். அதனால் பட்டப் பகலில் விளக்கு எரிந்தது. தென்கிழக்கு மூலையைச் சாமான் அறையாக்கி அடைத்துவிட்டிருந்தார்கள். மின்விசிறி, இருந்த சூட்டையே எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் ஒரு சிறுமி நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மரியாதைக்காக விசிறுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள்.

அந்த மரியாதைதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்திருக்கிறது.

நான் பொறியியல் படித்தவன் அல்லன். ஆனால் கட்டடத்தைக் குறை சொல்லப் பொறியியல் வேண்டியதில்லை. சூரியன் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தால் போதும். கும்மிடிப்பூண்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் அங்கே நேர் உச்சியில் நிற்கிறது. குளிர்நாட்டில் வெயில் சுவரில் விழுகிறது. நம் நாட்டில் அது கூரையில் விழுகிறது. காலையிலும் மாலையிலும் கிழக்குச் சுவரையும் மேற்குச் சுவரையும் தாக்குகிறது. ஆகவே கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும், ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் இருக்க வேண்டும், கூரைக்குத்தான் முதல் கவனம் வேண்டும். பழவேற்காடு ஏரிக்கு அப்பால் கடல் இருக்கிறது. கோடையில் பிற்பகல்தோறும் தென்கிழக்கிலிருந்து காற்று வருகிறது. நான் பார்த்த பள்ளிக்கூடம் சாலையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக மேற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு, வருகிற காற்றைச் சாமான் அறையால் தடுத்திருந்தது. தாமரை மொட்டுக்குக் கிடைத்த யோசனையில் பாதி கூரைக்குக் கிடைத்திருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை.

இது அந்த ஒரு பள்ளிக்கூடத்தின் குற்றம் அன்று. 2023-ஆம் ஆண்டு வெயில் தாங்காமல் தமிழ்நாட்டில் பள்ளித் திறப்பை இரண்டு முறை தள்ளி வைத்தார்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் பள்ளிக்கூடம் என்பது வெயிலிலிருந்து குழந்தையைக் காக்க வேண்டிய இடம். வெயிலுக்குப் பயந்து அந்த இடத்தையே பூட்டி வைக்கிறோம் என்றால் நாம் கட்டியது என்ன?

விழா முடிந்து காருக்குக் காத்திருந்தபோது சுற்றுச்சுவர் வேலை செய்துகொண்டிருந்த வயதான கொத்தனார் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"மொட்டைத் தளம் சுடாம என்ன செய்யும், சார்? அந்தக் காலத்துல தளத்துக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, பொம்பளைங்க வரிசையா உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டே கட்டையால அடிப்பாங்க. கடுக்காய்த் தண்ணி தெளிப்போம். அதுக்கு மேல தட்டோடு. இப்ப யாருக்கு சார் பொறுமை?" என்றார்.

அவர் சொன்னது வாஸ்தவம். சென்னைப் பட்டணத்தின் பழைய வீடுகளில் மரக்கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, தட்டோடு பதித்த தளத்தை இன்றும் பார்க்கலாம். 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயரிலேயே நம் ஊரைச் சுமந்த கூரை அது. இன்றைக்குத் தேக்குக் கட்டைக்கு எங்கே போவது என்று கேட்கலாம். கட்டை வேண்டாம், காங்கிரீட்டே இருக்கட்டும். அதன்மேல் போட வேண்டிய சுண்ணாம்பு ஜல்லியையும் வெள்ளைத் தட்டோட்டையும் ஏன் விட்டுவிட்டோம் என்பதுதான் என் கேள்வி.

'பழமைக்குத் திரும்பு' என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் இரண்டு விஷயங்களை மறந்துவிடுகிறார்கள்.

முதலாவது, கீற்றுக் கொட்டகை. அதைப்போலக் குளிர்ச்சியான கூரை இல்லை. ஆனால் 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் சமையல் கூடத்துத் தீ பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டார்கள். அதற்குப் பிறகு மாநிலமெங்கும் பள்ளிகளில் கீற்றை நீக்கினார்கள். சரியான காரியம். எந்தக் குளிர்ச்சிக்காகவும் அந்தக் கூரையை மறுபடி கேட்க எனக்கு வாய் வராது. ஆனால் கீற்றை எடுத்த பல இடங்களில் தகரத்தையும் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டையும் போட்டோம். தீயில் எரியாத கூரை வந்தது. வெயிலில் எரியும் வகுப்பும் கூடவே வந்தது. அன்று குழந்தைகளைக் கொன்றது கீற்று மட்டும் அன்று. இறங்க முடியாத குறுகலான படிக்கட்டும் அதில் சேர்த்தி. கீற்றை மாற்றிவிட்டதால் பாடம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் பாதிப் பாடம்தான் படித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, திண்ணை. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் இராஜதானி முழுவதும் 12,498 பள்ளிகள் என்று கணக்கு இருக்கிறது. நம் பக்கத்தில் அவற்றில் பல திண்ணையில் நடந்தவை. நிழல், காற்று, மணல், ஒரு வாத்தியார்: செலவில்லாத பள்ளிக்கூடம். ஆனால் அந்தத் திண்ணையில் எல்லாக் குழந்தையும் ஏற முடிந்ததா? தெருவிலேயே நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையின் குளிர்ச்சி எப்படித் தெரியும்? பண்பாட்டின் வேர் என்று பேசும்போது எந்த வேரை எடுக்கிறோம், எதை வெட்டுகிறோம் என்று சொல்லிவிட்டுப் பேச வேண்டும். நிழலை எடுத்துக்கொள்வோம், படிக்கட்டில் நின்ற காவலை விட்டுவிடுவோம்.

குற்றம் காங்கிரீட்டின் மேலும் இல்லை. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டா' விடுதியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஜப்பானில் தொழில் செய்துவந்த ஆன்டனின் ரேமண்ட் வரைந்து, அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் நகாஷிமா முன்னின்று கட்டத் தொடங்கிய 1930-களின் கட்டடம். முழுக்கக் காங்கிரீட். ஆனால் வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதிலாகத் திருப்பி வைக்கக்கூடிய பலகைகள். தளத்துக்கு மேலே காற்றுப் புக இடைவெளி விட்டு வளைந்த ஓடுகள். தூணில் மொட்டு இல்லை, சுவரில் குத்துவிளக்கு இல்லை. ஆனாலும் அது இந்த மண்ணின் கட்டடம். ஏனென்றால் இந்த மண்ணின் வெயில் அதற்குத் தெரிந்திருக்கிறது.

அதே சூத்திரத்தை ஏழைக் கிராமத்திலும் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் புர்க்கினா ஃபாசோ நாட்டில் காண்டோ என்ற கிராமம். அந்த ஊர்ப் பிள்ளை பிரான்சிஸ் கெரே ஜெர்மனியில் படித்துக்கொண்டிருக்கும்போதே பணம் திரட்டி, ஊராரைக் கொண்டே 2001-இல் ஒரு பள்ளிக்கூடம் கட்டி முடித்தார். மண் கல் சுவர், கல்லடுக்கிய உட்கூரை, அதற்கு மேலே உயரத் தூக்கி நிறுத்திய தகரக் கூரை. தகரம் வெயிலை வாங்கிக்கொள்கிறது. இடையில் ஓடும் காற்று சூட்டை அடித்துக்கொண்டு போகிறது. 2022-இல் கட்டடக் கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் அவருக்குக் கிடைத்தது. நம் ஊரிலும் தகரம்தான் போடுகிறோம். தலைக்கு மேல் இரண்டு அடி இடைவெளிவிட்டுப் போடத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இதில் எனக்கு மிகவும் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. திருவள்ளூர் மாவட்டம் செங்கல் சுடுகிற மாவட்டம். ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து சூளையில் கல் அறுக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் இரும்புக் கம்பி உருட்டுகிறார்கள். ஊரார் வீட்டுக்கெல்லாம் கல்லும் கம்பியும் கொடுக்கிறவர்களின் பிள்ளைகள் உட்காரும் வகுப்பு மட்டும் ஏன் சூளையாக இருக்க வேண்டும்? நடுவில் வெற்றிடம் விட்டு 'எலிப்பொறிக் கட்டு' கட்டினால் கால்பங்கு செங்கல் மிச்சமாகும், சூடும் குறையும் என்று லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பல ஆண்டுகள் கட்டிக் காட்டிவிட்டுப் போனார். அதைக் கற்றுக்கொள்ளக் கடல் கடக்க வேண்டாம். ரயில் ஏறினால் போதும்.

இதையெல்லாம் நிர்வாகியிடம் சொன்னபோது அவர் ஒரு நியாயமான பதில் சொன்னார்: "ஜன்னலைத் திறந்தால் ஆலைப் புகையும் லாரிச் சத்தமும் உள்ளே வருகிறதே, ஐயா?"

வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் இதற்கு விடை கண்ணாடியில் இல்லை, முற்றத்தில் இருக்கிறது. சாலைப் பக்கம் அலுவலகம், சாமான் அறை, கழிப்பறைகளை வரிசையாகக் கட்டி அதையே மதிலாக்கலாம். அதற்கு முன்னால் வேம்பும் புங்கமும் பூவரசும் நிற்கட்டும். உள்ளே ஒரு முற்றம். முற்றத்தைப் பார்த்தபடி வகுப்புகள். வகுப்புக்கு முன்னால் மழைச் சாரல் உள்ளே வராத அளவுக்கு அகலமான தாழ்வாரம். ஐப்பசி மழையில் பிள்ளைகள் அங்கே சாப்பிடலாம், மாலையில் தாய்மார்கள் அங்கே உட்கார்ந்து காத்திருக்கலாம். பண்பாடு தூணின் உச்சியில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். அது இந்த உட்காருவதிலும் காத்திருப்பதிலும் இருக்கிறது.

அந்தச் சிறுமிக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேட்டால், தாமரை மொட்டு வேண்டும் என்று சொல்லமாட்டாள். விருந்தாளி வந்தால் நிறுத்த வேண்டிய அவசியமில்லாமல், விசிறியே தேவைப்படாத ஒரு வகுப்பைத்தான் கேட்பாள். அடுத்த முறை புதுக் கட்டடத்தைப் பார்க்க யாராவது என்னைக் கூப்பிட்டால், முகப்பைக் காட்ட வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். பிற்பகல் இரண்டரை மணிக்கு, மாடியில், கடைசி வரிசையில் எனக்கு ஓர் இடம் போட்டுக் கொடுங்கள். அங்கே உட்கார்ந்து பார்த்துவிட்டு என் பேச்சைப் பேசுகிறேன்.