மூன்று பெருக்கலில் திரும்பும் வண்டுகள்

கட்டம் போட்ட தாளில் பென்சில் உரச ஓர் உயிரினக் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறும் என்று கணக்கிடும் எண் அணி (matrix) எழுதுவது எனக்குப் பிடிக்கும். மேல் வரிசை பிறப்புக்கு. அதன் கீழே படிக்கட்டாய்ச் சரிந்திறங்கும் எண்கள், பிழைத்து அடுத்த வயதுக்குப் போவோருக்கு. மற்ற இடமெல்லாம் பூஜ்யம். கிழவர் குழந்தையாவதில்லை, யாரும் ஒரு வயதைத் தாண்டிக் குதிப்பதில்லை என்பதை அந்தப் பூஜ்யங்கள் எவ்வளவு அமைதியாகச் சொல்கின்றன!

இந்த அணியில், 1941இல் பெர்னார்டெல்லி என்பவர் எழுதிய கற்பனை வண்டுகளைத்தான் அடிக்கடி போட்டுப் பார்ப்பேன். முதல் வயதில் பாதி பிழைக்கும், இரண்டாவதில் மூன்றில் ஒன்று. மூன்றாவதில் ஒவ்வொன்றும் ஆறு ஈன்று மடியும். மூன்று வயதுகளிலும் 3,000, 3,000, 3,000 என்று தொடங்கி அணியால் பெருக்கினால் அடுத்த ஆண்டு 18,000, 1,500, 1,000. பிறகு 6,000, 9,000, 500. ரப்பர் தூளை ஊதிவிட்டு இன்னொரு முறை பெருக்கினால், மறுபடி 3,000, 3,000, 3,000. ஒரு வண்டுகூடச் சிந்தவில்லை.