துடுப்பும் வடமும்

நண்பர்கள் கூடி ஒரு பகற்பொழுதை உள்நாட்டு நீர்நிலையில் படகேறிக் கழிக்கும் வழக்கம், இலங்கையின் உலர் வலயத்தில் வேர்பிடித்திருக்க, அதே வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிழைக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஏன் முளைக்கவே இல்லை என்பது ஆராயத்தக்கது. மழைநீரை மண்கரையிட்டுத் தேக்கும் கலை இரு நிலத்துக்கும் பொது, பெயர்களே வேறு. இங்கே கண்மாய் எனப்படுவது அங்கே குளம். இங்கே நீரைத் திறந்துவிடும் மடை, அங்கே துருசு. மிகைநீர் வழியும் கற்கட்டு இங்கே கலுங்கு, அங்கே வான். கண்மாய் மறுகால் போகும்போதும் குளம் வான் பாயும்போதும் ஊரே கரையில் திரண்டு வேடிக்கை பார்ப்பதிலும் வேறுபாடில்லை. அதற்குப் பிறகுதான் வழிகள் பிரிகின்றன.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அடங்கிய விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். கண்மாய்கள் பரப்பில் அகன்றவை, ஆழத்தில் குறைந்தவை. பலவற்றின் உள்வாயில் வண்டல் மேடிட்டுச் சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சேரும் நீர் வயலுக்குப் போனது போக, கோடை பிறக்குமுன் முழங்கால் அளவுக்கு வற்றிவிடும். திருச்சுழியை ஒட்டிச் செல்லும் குண்டாறோ ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. இத்தகைய நீரில் மீன் பிடிக்கவும் படகு தேவைப்படுவதில்லை. கண்மாய் ‘அழியும்’ நாளில், அதாவது நீர் வற்றி மீன்பிடிக்கு எல்லோருக்கும் திறந்துவிடப்படும் நாளில், ஊர் மக்கள் ஊத்தாவுடன் இறங்குகிறார்கள். ஊத்தா என்பது குச்சிகளால் பின்னப்பட்டு, அடி அகன்று மேல்வாய் குறுகி, இருபுறமும் திறந்திருக்கும் கூடு. அதைச் சேற்றில் அழுத்தி ஊன்றி, உள்ளே மீன் மோதும் அதிர்வு தெரிந்ததும் மேல்வாய் வழியே கைவிட்டு விராலையோ கெளுத்தியையோ எடுக்கிறார்கள். நண்பர்களோடு நீரில் கழிக்கும் நாள் என்று இவ்வட்டாரத்துக்கு ஒன்று உண்டெனில் அது இதுவே. அந்நாளில் கால் தரையை விட்டு எழுவதில்லை.

இலங்கையில் உலர் வலயம் என்ற பெயரே ஒப்பளவில் சூட்டப்பட்டது. அநுராதபுரத்தில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வதைக் கேட்டால் திருச்சுழி உழவர் அதை வறட்சி என்று ஒப்பமாட்டார். 1976இல் பொல்கொல்லையில் மகாவலி ஆறு திருப்பப்பட்ட பின்னர் கலாவெவ போன்ற பழங்குளங்களுக்கு மலைநாட்டு நீரும் கிடைத்தது. 1950களில் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன் குளங்களில் பெருகியதால், நன்னீர் மீன்பிடி நிலையான தொழிலாயிற்று. தொழிலோடு படகும் குளக்கரையில் தங்கியது. ஹபரணையை அடுத்த ஹிரிவடுன்னையில், இரண்டு ஒடுங்கிய ஓடங்களைப் பலகையால் இணைத்து அதன்மேல் பயணிகளை அமர்த்தி, அல்லியும் தாமரையும் அடர்ந்த நீரில் துடுப்பு வலித்துச் செல்கின்றனர். வெயில் ஏறினால் ஓடக்காரர் தாமரை இலை ஒன்றைப் பறித்து மடித்துத் தொப்பியாக்கித் தருவார். இந்தக் கைப்பழக்கம் நீரிலேயே வாழ்பவருக்கு வருவது. தமிழர் வாழும் மட்டக்களப்பிலோ, ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்ட வாவியில் இவ்வின்பம் இரவுக்கும் நீள்கிறது. நிலவு நாளில் கல்லடிப் பாலத்தருகே வள்ளத்தை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைத்துப் ‘பாடும் மீன்’ எனப்படும் நீரடி ஓசையைக் கேட்பது அவ்வூரார் பெருமையோடு சொல்லும் வழக்கம்.

உல்லாசப் படகு என்பது உழைக்கும் படகின் ஓய்வுநாள் வடிவம் என்றே கருத வேண்டியிருக்கிறது. கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய கேரளத்துக் கெட்டுவள்ளம் நெல் சுமந்தது. சாலையும் லாரியும் அச்சுமையைப் பறித்துக்கொண்ட பின்னரே அது வீட்டுப்படகாயிற்று. உழைக்கும் படகே இல்லாத கரிசல், செவல் காட்டிலிருந்து புறப்படுவோர் 1863இல் உருவாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரிக்குச் சென்று, சீட்டு வாங்கி, உயிர்காப்பு உடை மாட்டி, நேரம் பார்த்து மிதிப்படகு மிதிக்கிறார்கள். அது ஒரு வேடிக்கையே தவிர வழக்கம் ஆகாது.

பாண்டி நாட்டு வறண்ட நிலத்துக்கு மரபாக வாய்த்த மிதவை தெப்பம் ஒன்றே. திருமலை நாயக்கர் காலத்து வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தைப்பூச நாளில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் ஏறிவரும் அத்தெப்பத்தைத் துடுப்பு நகர்த்துவதில்லை. கரையில் நிற்போர் வடம் பிடித்து இழுக்கிறார்கள். மிதப்பது தெய்வம், மனிதர் நிற்பது மண்ணில்.

திருச்சுழியின் பெயரோ நீரிலிருந்து வந்தது: ஊழிவெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் நிலத்தில் துளையிட்டுச் சுழித்து இறங்கச் செய்தார் என்று தலபுராணம் கூறுகிறது. படகு வழக்கில்லாத இவ்வூரில் 1879இல் பிறந்த இரமண மகரிசி, சிறுவனாக இருந்தபோது, வழக்குகளை நடத்திவந்த தந்தையின் பழைய காகிதக் கட்டை எடுத்துக் கப்பல்கள் செய்து மிதக்கவிட்டார் என்றும், தந்தை கடிந்துகொள்ளவே வீட்டைவிட்டு அகன்று கோயிலில் அம்மன் சந்நிதியில் போய் அமர்ந்துகொண்டார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன.