அசைவூட்டப் படங்களில் இளையோர் மனச்சோர்வு: மெய்ப்பாட்டியல் நோக்கு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. பீட் டாக்டர் இயக்கிய 'இன்சைட் அவுட்' (2015) படத்தில் 11 வயதுச் சிறுமி ரைலியின் மனத்துள் உலவும் உவகை, அழுகை, அச்சம், இளிவரல், வெகுளி ஆகிய ஐந்தும் அவ்வெட்டனுள் அடங்குகின்றன. கெல்சி மான் இயக்கிய இரண்டாம் பாகத்தில் (2024) புதிதாக வரும் பொறாமையும் நாணமும், தொல்காப்பியர் எட்டனுக்குப் புறம்பாக எண்ணும் 32 மெய்ப்பாடுகளுள் உள்ளவை. சலிப்பை மடிமையோடு ஒருவாறு இணைக்கலாம். பதற்றத்திற்கு நேர்ச்சொல் காண்பது அரிது. நடுக்கு அதன் உடற்குறி மட்டுமே.

இத்தகைய பொருத்தங்களைப் பட்டியலிடுவதோடு ஒப்பாய்வுகள் பல நின்றுவிடுகின்றன. வேறுபாடே இங்குக் கருதத்தக்கது. உள்ளத்து நிகழ்வு உடலின்வழிக் காண்போர்க்குப் புலனாவதே மெய்ப்பாடு. 'இன்சைட் அவுட்' மனத்தையே திறந்து காட்டிவிடுவதால், ரைலியின் முகத்தைப் படிக்கவேண்டிய தேவை பார்வையாளருக்கு எழுவதில்லை. படத்தினுள் இருக்கும் பெற்றோர்க்கோ அவ்வாய்ப்பு இல்லை. உணவு மேசையில் அவளது மாற்றத்தை அடங்காமை எனக் கொண்டு தந்தை அறைக்கு அனுப்புகிறார். பின்னர் மனத்தின் இயக்குபலகை கருத்து உறைகிறது. எவ்வுணர்ச்சியாலும் அதனை இயக்க இயலவில்லை. துயரம் வேறு, உணர்வே அற்ற கையாறு வேறு என இக்காட்சி நுட்பமாகப் பிரித்துக் காட்டுகிறது. ஆயினும் சில நிமிடங்களில் அழுகை வந்து அனைத்தையும் சீராக்கிவிடுகிறது. மனச்சோர்வு அழுதால் தீரும் என்னும் எண்ணத்திற்கு அது இடமளிக்கிறது.

தமிழில் 'இனிமே நாங்கதான்' (2007), 'கோச்சடையான்' (2014) ஆகிய அசைவூட்டப் படங்கள் இப்பொருளைத் தொடவில்லை.

நவோகோ யமதா இயக்கிய 'எ சைலன்ட் வாய்ஸ்' (2016) மெய்ப்பாட்டுக்கு அணுக்கமானது. செவித்திறனற்ற வகுப்புத் தோழி ஷோகோவைச் சிறுவயதில் துன்புறுத்திய ஷோயாவுக்கு, வளர்ந்தபின் பிறர் முகங்கள் பெருக்கற்குறியால் மறைந்தே தோன்றுகின்றன. முகத்தை நோக்க இயலாமையே அவனது மனச்சோர்வின் வடிவம். பார்வையாளரும் கைகளையும் கால்களையும் கொண்டே உள்ளத்தை உய்த்துணர வேண்டியுள்ளது.

ஷோகோவோ எப்போதும் புன்னகைக்கிறாள். வாணவேடிக்கை இரவில் அவள் தன்னுயிரை மாய்க்க முயல்கிறாள். நகைக்குத் தொல்காப்பியம் கூறும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களுள் எதனுள்ளும் அப்புன்னகை அடங்காது. அதனை முன்பே படித்தறிந்தவள் தங்கை யுசுரு. தமக்கைக்குச் சாகும் எண்ணம் வராதிருக்க, இறந்த உயிரினங்களின் படங்களை எடுத்து வீட்டுச் சுவரெங்கும் அவள் ஒட்டிவைத்திருந்தாள்.