வழிகாட்டியின் ரிவாயத்து

அரபு மொழியில் வழிகாட்டியைச் சுட்டப் பல சொற்கள் உண்டு. 'தலீல்' என்பர், 'ஹாதி' என்பர். அவற்றுள் நம் நெஞ்சைப் பெரிதும் கவர்ந்தது 'கிர்ரீத்' என்னும் சொல். ஊசியின் காதுக்கு அரபியில் 'குர்த்' என்று பெயர். பாலைவெளியில் ஊசிக்காது போன்ற இடுக்கு வழிகளையும் அறிந்து, அவற்றினூடே ஆளைக் கொண்டு சேர்க்க வல்லவனே கிர்ரீத் என்று அகராதி வகுத்தோர் விளக்கம் தருகின்றனர். கி.பி. 622-இல் ஹிஜ்ரத்துப் புறப்பட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் கூலி பேசி அமர்த்திய வழிகாட்டியை ஸஹீஹுல் புகாரி இச்சொல்லால்தான் குறிக்கிறது. அவர் பெயர் அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்று சீறா ஆசிரியர்கள் தருகின்றனர். அப்போது அவர் குறைஷிகளின் பழைய மார்க்கத்தில் இருந்தவர். எனினும் அவரை நம்பித் தங்கள் இரு ஒட்டகங்களையும் அவர் கையில் ஒப்படைத்து, மூன்று இரவு கழிந்தபின் தௌர் குகைக்கு வந்து சேருமாறு பணித்தார்கள். அவரும் சொன்ன நேரத்தில் வந்தார். கடற்கரை வழியே அழைத்துச் சென்றார். இந்நிகழ்ச்சியை இமாம் புகாரி அவர்கள் 'இஜாரா' என்னும் கூலிப் பாடத்தில் வைத்திருப்பதை மத்ரஸாவில் ஓதியோர் அறிவர்.

அவ்வழிகாட்டி விற்றது வழியை. இன்று நாம் அமர்த்தும் வழிகாட்டியோ பெரும்பாலும் வழியைக் காட்டுவதில்லை. அதற்கு வாகன ஓட்டி இருக்கிறார், கைப்பேசியில் படமும் இருக்கிறது. அவரிடம் நாம் விலைக்கு வாங்குவது வரலாற்றை. உம்ரா முடித்த கையோடு இஸ்தான்புல், கைரோ, கிரானடா என்று குடும்பத்தோடு சென்றுவரும் வழக்கம் நம்மிடையே பெருகியிருக்கிறது. அங்கெல்லாம் அரை நாளுக்கோ ஒரு நாளுக்கோ தனி வழிகாட்டி ஒருவர் கிடைக்கிறார். அவர் சொல்வதைப் பெரியவர்கள் பாதி கேட்கின்றனர். பிள்ளைகள் முழுவதும் கேட்கின்றனர். பாடப் புத்தகத்தில் படித்ததைத் தேர்வு முடிந்ததும் மறக்கும் பிள்ளை, கல்தூணடியில் நின்று கேட்ட கதையை முதுமை வரை மறப்பதில்லை. ஆதலின் வழிகாட்டியின் பேச்சையும் ஓர் இலக்கிய வகையாகவே கொண்டு திறனாய்வு செய்வது தகும் என்று கருதுகிறோம். ஹதீஸ் கலை நமக்குத் தந்த இரண்டு உரைகற்கள் உள்ளன. ஒன்று ரிவாயத்து, சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று தொடரை ஆராய்வது. மற்றது திராயத்து, சொன்ன செய்தி அறிவுக்கும் ஏனைய சான்றுகளுக்கும் ஒத்து நிற்கிறதா என்று உரசிப் பார்ப்பது.

வெளிநாட்டுக்குப் போகுமுன் நம் வாசலிலேயே உரசிப் பார்க்கலாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் வந்தவாசிக்குத் தெற்கே தெள்ளார் என்றோர் ஊர் உண்டு. பட்டுக்குப் பேர்போன ஆரணி ஒருபுறம், கோரைப்பாய்க்குப் பேர்போன வந்தவாசி மறுபுறம் என்றிருக்கும் நெசவு நாடு அது. சுற்றுலாக்காரர் கூடும் ஊர் அன்று. ஆனால் 'தெள்ளாறு' என்ற பழம்பெயரால் அது தமிழக வரலாற்றில் இருமுறை இடம்பெற்றிருக்கிறது. மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினர் சிலர், வந்தவாசிக் கோட்டையும் சுற்றுவட்டாரமும் காண ஒரு வழிகாட்டியை நாட்கூலிக்கு அமர்த்தினர். நாமும் உடன் சென்றோம். வந்தவாசியில் 1760 ஜனவரி 22-ஆம் நாள் அயர் கூட்டின் படை பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையை முறியடித்த செய்தியை அவர் குறையின்றிச் சொன்னார். தெள்ளாற்றுக்கு வந்ததும் அவர் குரல் மாறிவிட்டது. நந்திவர்மன் என்னும் பல்லவன் இங்கே பாண்டியனை வென்றான். அவனைக் கொல்லக் கருதிய தம்பி நச்சுச் சொற்கள் வைத்து ஒரு கலம்பகம் பாடினான். நூறு பந்தல் இட்டு ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டாகக் கேட்ட மன்னன், பந்தல்கள் ஒவ்வொன்றாய் எரிய, கடைசிப் பாட்டில் தானும் எரிந்து மாண்டான் என்று உருக்கமாகச் சொல்லி முடித்தார். உடன் வந்த பெண்டிர் கண்கலங்கினர். பிள்ளைகள் அந்தப் பந்தல் நின்ற இடம் எது என்று தேடத் தொடங்கினர்.

கதை நல்ல கதை. சொன்ன முறையும் நன்று. ஆனால் ரிவாயத்து என்ன? நந்திவர்மன் வாழ்ந்தது 9-ஆம் நூற்றாண்டு. 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிவஞான முனிவர் தம் சோமேசர் முதுமொழி வெண்பாவில் இக்கதையைச் சுட்டுகிறார். நாடறிந்த கதை என்று அவரே கூறுவதால் அதற்கு முன்பும் வழங்கியது தெளிவு. எனினும் அம்மன்னன் காலத்துச் சான்று ஒன்றும் இதனைச் சொல்லவில்லை. இடையே அறுந்து கிடக்கும் சங்கிலியை ஹதீஸ் கலையில் 'முன்கத்திஃ' என்போம். திராயத்தாலும் கதை நிற்கவில்லை. தெள்ளாற்றில் வென்றபின் அம்மன்னன் ஆண்டுகள் பல ஆண்டான். 'தெள்ளாறு எறிந்த' என்னும் சிறப்புப் பெயரோடு அவன் ஆட்சியாண்டுகள் குறித்த கல்வெட்டுகளே அதற்குச் சான்று. அவனுக்குப்பின் நிருபதுங்கவர்மன் அரியணை ஏறினான். நந்திக் கலம்பகமோ மன்னனின் வெற்றியையும் கொடையையும் பாடும் நூல். தமிழில் நமக்குக் கிடைத்த கலம்பகங்களுள் காலத்தால் முற்பட்டது. அதன் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. பெயர் தெரியாத புலவர்க்குப் பின்வந்தோர் ஒரு கொலைப்பழியை முடிந்து வைத்தனர். இத்துணைப் பெரிய அநீதியை ஒரு புலவர்க்குத் தமிழுலகம் வேறெங்கும் இழைத்ததாக நமக்குத் தோன்றவில்லை. மக்காக் கலம்பகமும் நாகூர்க் கலம்பகமும் பாடிய நம் புலவர்களுக்கு மூதாதை அப்பெயரறியாப் பெரியார் என்பதால் நமக்கும் இதில் வருத்தம் உண்டு.

கதையைச் சொன்னதற்காக வழிகாட்டியைக் குறை கூறவில்லை. அக்கதைக்காக அவர் விட்டுவிட்டவையே நம்மை உறுத்துகின்றன. நந்திவர்மனிடம் தோற்ற பாண்டியன் சீமாறன் சீவல்லபன். அவன் மரபினரின் சின்னமனூர்ச் செப்பேட்டைப் படித்தால், குடமூக்கில், அதாவது கும்பகோணத்தில், பல்லவரையும் அவர்தம் துணைவரையும் அவன் வென்ற செய்தி இருக்கும், தெள்ளாறு இராது. இருசாராரும் தத்தம் வெற்றியையே கல்லிலும் செம்பிலும் எழுதினர் என்பதைப் பிள்ளைகளுக்கு இவ்வூரில் வைத்துச் சொல்லலாம். நந்திவர்மனுக்கு அவனிநாரணன் என்றொரு பெயருண்டு. இன்றைய தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, 'அவனிநாரணம்' என்ற குளத்தை மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரின் காவலில் விட்ட செய்தியைக் கூறுகிறது. கடல் கடந்து வாணிபம் செய்து, போன இடத்தில் குளமும் வெட்டிய தமிழரின் செய்தி அது. மலேசியாவிலிருந்து வந்திருந்த பிள்ளைகளுக்கு எரிந்த பந்தலைவிட அக்குளம் அல்லவா நெருக்கம்? இன்னொன்றும் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் காடவன் கோப்பெருஞ்சிங்கன் இதே தெள்ளாற்றில் சோழ மன்னனை வென்று சிறைப்பிடித்ததை வயலூர்க் கல்வெட்டுப் பாடுகிறது. மூன்றாம் இராசராசனைச் சிறையினின்று மீட்கப் போசள நரசிம்மன் படையெடுத்து வரவேண்டியிருந்தது. பேரரசு ஒன்று ஆட்டம் கண்ட களம் இது. வழிகாட்டியின் வாயில் இதற்கு ஒரு சொல்லும் இல்லை.

இது தெள்ளாற்றுக்கு மட்டும் உரிய குறையன்று. கிரானடாவின் அல்ஹம்ரா அரண்மனையில் ஒரு மண்டபத்து நீரூற்றின் சலவைக்கல்லில் செம்பழுப்பு நிறக் கறை உண்டு. பனூ ஸர்ராஜ் குடும்பத்து வீரர் 36 பேரை அங்கே தலைவெட்டினர், அக்கறை அவர்களின் இரத்தம் என்று நெடுங்காலமாகக் கூறப்படுகிறது. அது கல்லில் உள்ள இரும்பின் துரு. இக்கதையின் ரிவாயத்தைத் தேடினால், கிரானடா 1492-இல் வீழ்ந்து நூறாண்டு கழிந்தபின் 1595-இல் ஹினேஸ் பெரேஸ் தெ ஹீத்தா வெளியிட்ட புனைகதையில் போய் நிற்கும். 1829-இல் அங்குத் தங்கிய அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங், மத்தேயோ ஹிமேனெஸ் என்ற உள்ளூர் ஏழையை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, அவன் சொன்ன கதைகளையும் சேர்த்து 1832-இல் நூலாக்கினார். அந்நூலைப் படித்துவிட்டு வருவோருக்கு அதே கதைகளை வழிகாட்டிகள் திரும்பச் சொல்கின்றனர். கதை வாயிலிருந்து நூலுக்குப் போய், நூலிலிருந்து வாய்க்குத் திரும்பி, ஈரிடத்துச் சான்று பெற்றதுபோல் தோற்றம் தருகிறது. இர்விங்கை ஒன்றுக்காகப் பாராட்ட வேண்டும். கடைசி மன்னர் அபூ அப்தில்லாஹ் மீது சாற்றப்பட்ட இக்கொலைப்பழிக்கு ஆதாரமில்லை என்று அவரே எழுதிவைத்தார். அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் திரும்பச் சொல்வதில்லை போலும்!

கேட்பவர் எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் ஒரு முன்னோடி இருக்கிறார். இப்னு பதூதா 1344-இல் இலங்கையில் இறங்கியபோது புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்த மலையைக் காண்பதொன்றே தம் விருப்பம் என்றார். மன்னர் பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களும் தந்து, ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், தம் பரிவாரத்தினர் பதின்மர், உணவு சுமக்கப் பதினைவர் என்று கூட அனுப்பினார். சைவர்க்குச் சிவனொளிபாதம், பௌத்தர்க்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் மலை. ஒரே மலைக்கு ஒரே பாதையில், வேற்றுச் சமயத்தார் வழிகாட்ட, அந்த மாலிக்கீ மத்ஹபு காழி ஏறினார். இப்னு உரைகித்தின் செய்தியை அறிந்தவர்க்கு இது வியப்பன்று.

வழியில் குனகார் என்ற ஊரில் ஷைகு உஸ்மான் ஷீராஸியின் பள்ளிவாசலைக் குறிப்பிடுகிறார். பாதமலைக்கு வழிகாட்டியாய் இருந்தவர் அந்த ஷைகு. பசுவை அறுத்த குற்றத்துக்காக அவருடைய ஒரு கையும் ஒரு காலும் துண்டிக்கப்பட்டன. அதன்பின் அவருடைய மக்களும் அடிமைகளும் அத்தொழிலை ஏற்றனர். அவர்மேல் இருந்த மதிப்பால் மன்னர் தண்டனையைக் குறைத்து, ஒரு சந்தையின் வருவாயையும் அவருக்கு ஒதுக்கினார் என்றும் எழுதுகிறார். தண்டனையையும் மரியாதையையும் ஒருங்கே பதிவு செய்த இந்நடுநிலை எத்தனை வழிகாட்டிகளிடம் இருக்கிறது?

மலையடியில் ஒரு மரம். அதன் இலை உதிர்வதில்லை. உதிர்ந்த இலையை உண்டால் முதியவரும் இளமை எய்துவர் என்று சொல்லி யோகியர் காத்திருந்தனர். இப்னு பதூதா இதை எழுதி, அதன் இலையைக் கண்டவர் ஒருவரையும் தாம் காணவில்லை என்றும், அப்பேச்சுப் பொய் என்றும் பக்கத்திலேயே குறித்துவிட்டார். கதையையும் விடவில்லை, அதற்கு அடிமையாகவும் இல்லை. ஆயினும் அவரும் எல்லா இடத்தும் இப்படி இல்லை. ஷைகு இப்னு கஃபீபை யானை ஒன்று மட்டும் கொல்லாமல் முதுகில் ஏற்றிச் சென்ற கதையை அப்படியே தருகிறார். சிரியாப் பகுதிகளை முன்னோரான இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்தாண்டார் என்பதும் ஆய்வாளர் நிறுவியதே. ஊர் திரும்பியபின் நினைவிலிருந்து இப்னு ஜுஸய்யிடம் சொல்லி எழுதுவித்த நூலல்லவா!

இத்தனையும் ஏன் எழுதுகிறோம் என்றால், தெள்ளாற்றுக்குத் தென்மேற்கே இருக்கும் செஞ்சியை எண்ணித்தான். மராத்தியரின் கோட்டைகளோடு சேர்த்து 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இனி அங்கே கூட்டம் பெருகும், வழிகாட்டிகளும் பெருகுவர். 1714-இல் ஆர்க்காட்டு நவாபு சஅதத்துல்லாகானோடு பொருது இளவயதில் மாண்ட தேசிங்குராசனின் கதையே அங்கே முதற்கதையாக இருக்கும். நவாபு முஸ்லிம், தேசிங்கு இந்து என்று இரண்டே சொல்லில் அதை முடித்துவிடுவது எளிது, கேட்போர்க்கும் சூடேறும். ஆனால் போர் எழுந்தது கப்பப் பாக்கியினால். நம் நாட்டுப்புறப் பாடகர்கள் அக்கதையை அவ்வாறு பாடவும் இல்லை. அவர்கள் பாடிய தேசிங்குராசன் கதையில், தன் திருமணத்தையே நிறுத்திவிட்டு நண்பனுக்காகக் களம் புகுந்து மடியும் மோவுத்துக்காரன், அதாவது மகபத்கான், இருக்கிறான். அவனை நீக்கினால் கதைக்கு உயிரே இல்லை. ரிவாயத்தை நோக்கினால் அதுவும் கதைப்பாடல்தான். அதன் ஒவ்வொரு வரியும் வரலாறு ஆகாது. ஆயினும் அவ்வட்டாரத்து மக்கள் அப்போரை எப்படி நினைவில் வைத்தனர் என்பதற்கு அதைவிட நேரான சாட்சி இல்லை. பந்தல் எரிந்த கதையைப் பொய்யென்று கண்டவன் பல்லவன் ஒருவனைப் பற்றித்தான் தெளிவு பெறுகிறான். மகபத்கானை மறந்த கதையை நம்பியவன் தன் தெருவிலுள்ள அண்டை வீட்டாரையே வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குவான்.

கோட்டைக்குள் அவ்வெற்றியின் நினைவாக எழுந்த சஅதத்துல்லாகான் பள்ளிவாசல் பாரசீகக் கல்வெட்டோடு நிற்கிறது. அதைப் படித்துச் சொல்லும் வழிகாட்டி ஒருவரையேனும் நம் மத்ரஸாக்கள் அனுப்பலாகாதா? அரபெழுத்துப் பயின்ற இளைஞர்க்குப் பாரசீகம் கற்பது சில மாத உழைப்பு. சுற்றுலாத்துறை நடத்தும் பயிற்சிக்கும் உரிமத்துக்கும் விண்ணப்பிக்க அவர்களுக்குத் தடை ஏதும் இல்லை. ஓதிவிட்டு ஊதியமின்றி வாடும் பலரை நாமறிவோம்.

அதுவரை, செஞ்சிக்குச் செல்லும் குடும்பத்தார் கூலி பேசும்போதே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்க. அப்பள்ளிவாசலுக்கும் அழைத்துச் செல்வீரா? மோவுத்துக்காரன் கதையும் சொல்வீரா? இரண்டுக்கும் ஆம் என்பாராயின், அவர் நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் பேரம் பேச வேண்டா.