கணக்குப் பிழையா, மொழிப் பிழையா?

எண்ணையும் எழுத்தையும் மாந்தர்க்குரிய இரு கண்கள் என வள்ளுவர் சேர்த்தே சொன்னார். நம் தொடக்கப் பள்ளிகளிலோ அவ்விரண்டும் இரு வேறு பாடவேளைகளாகப் பிரிந்து நிற்கின்றன. கணக்கில் தவறிய பிள்ளைக்கு மேலும் கணக்கு. வாசிப்பில் தவறிய பிள்ளைக்கு மேலும் வாசிப்பு. இந்த மீள்பயிற்சி முறை பொருத்தமானதுதானா?

ஒரு கணக்கைப் பாருங்கள்: "கண்ணனிடம் 24 கோலிகள் உள்ளன. அது வேலனிடம் உள்ளதைவிட 8 அதிகம். வேலனிடம் உள்ளவை எத்தனை?" விடை 16. 'அதிகம்' என்ற சொல்லைக் கண்டதும் கூட்டி, 32 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் கூட்டியதில் பிழையில்லை. 'அது' எதைச் சுட்டுகிறது என்று பார்க்காததே பிழை. இவர்களுக்கு இன்னும் நூறு கூட்டல் கணக்குக் கொடுத்து என்ன பயன்?

'அதிகம் என்றால் கூட்டு, மீதம் என்றால் கழி' என்று நாம் கற்பிக்கும் குறுக்குவழியே இங்குக் குற்றவாளி. அது வாக்கியத்தைப் படிக்காமல் சொல்லை மட்டும் தேடப் பழக்குகிறது.

தமிழ் வாக்கிய அமைப்பும் இங்குக் கருதத்தக்கது. "காலையில் 15 டுரியான் விற்றபின் எஞ்சியவற்றில் பாதியை மாலையில் விற்ற பாலிக் புலாவ் வணிகரிடம் 12 பழங்கள் இருந்தன. முதலில் இருந்தவை எத்தனை?" எச்சங்கள் அடுக்கி வரும் இவ்வாக்கியத்தைப் பிரித்துப் பொருள்கொள்ளும் பிள்ளைக்கே 39 என்ற விடை கிட்டும். இலக்கண வகுப்பில் எச்சம் கற்பிக்கும் ஆசிரியர் கணக்குக்கும் துணைசெய்கிறார்.

இது நம் முன்னோர் அறியாததன்று. காரி நாயனாரின் கணக்கதிகாரம் செய்யுளாலானது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ண, காம்பருகிலுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கச் சொல்கிறது அந்நூல். விதி எவ்வளவு பொருந்தும் என்பது வேறு. செய்யுளின் பொருள் விளங்காதவன் அக்கணக்கைத் தொடவே இயலாது.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஆன் நியூமன் 1977இல் இதனை முறைப்படுத்தினார். வாசித்தல், பொருளுணர்தல், எவ்வகைக் கணக்கெனத் தெளிதல், செய்தல், விடையெழுதுதல் என ஐந்து படிகளை அவர் வகுத்தார். அவர் ஆராய்ந்த பிள்ளைகளின் தவறுகளில் ஏறக்குறையப் பாதி முதல் மூன்று படிகளிலேயே நேர்ந்திருந்தன. பினாங்கின் கெலுகோரில் 1967 முதல் இயங்கிவரும் ரெக்சாம் நிறுவனத்தின் ஆய்விதழிலும் 1990இல், கணக்கைப் புரிந்துகொள்வதே தீர்வுக்கு முதற்படி என வலியுறுத்தும் கட்டுரை வெளிவந்தது. நம் வாசலிலேயே இருந்த விளக்கு இது.

நாமோ வேறொன்றில் காலம் கழித்தோம். 2003இல் கணிதம் ஆங்கிலத்துக்கு மாறியது. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. எம்மொழியில் கற்பிப்பது என்று வாதிட்டோம். வாதம் தேவையானதே. ஆயினும், எம்மொழியாயினும் பிள்ளைக்கு வினா புரிந்ததா என்று கேட்டவர் சிலரே.

அப்படியானால் வாய்பாடு வேண்டாமா எனச் சிலர் வினவலாம். வேண்டும். வகுத்தல் தெரியாத பிள்ளைக்கு வகுத்தலே மருந்து. நோய் எதுவெனப் பாராமல் எல்லார்க்கும் ஒரே மருந்தை ஊட்டுவதையே நாம் மறுக்கிறோம்.

யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. மதிப்பிடும் பொறுப்பு இன்று பெரிதும் பள்ளியிடம் உள்ளது. விடைத்தாளில் சிவப்புக் கோடிடுமுன், "வினாவை வாசி, உன் சொற்களில் சொல், என்ன செய்யப் போகிறாய்?" என்று ஆசிரியர் கேட்கலாம். பெற்றோரும் வீட்டில் கேட்கலாம். இதற்குத் தனிக்கட்டணம் இல்லை. சற்றுப் பொறுமை போதும்.

1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ்க் கல்வி தொடங்கிய மண் இது. இங்கே ஒரு பிள்ளை, தமிழ் வாக்கியம் புரியாத காரணத்தால் 'கணக்கு வராதவன்' என்ற பெயரைச் சுமந்து இடைநிலைப் பள்ளிக்குச் செல்லலாமா? கணக்காசிரியரும் தமிழாசிரியரும் ஒரே விடைத்தாளை ஒன்றாக அமர்ந்து பார்க்கட்டும்.