டாங்கியும் பஞ்சுப் புகையும்

என் மேஜைமேல் வரிசையாக நின்ற டாங்கிகளைப் பார்த்துவிட்டு, கவிஞ நண்பர் ஒருவர் "இந்த வயசில் இதெல்லாம் என்ன?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தபோது, அவருக்குச் சொல்லவேண்டியது ஒரு விமர்சனக் கட்டுரையாகத்தான் இருக்கமுடியும் என்று பட்டது. பொழுதுபோக்கு பற்றிய வர்ணனையை எதிர்பார்க்கிறவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடலாம். உருவம், யதார்த்தம், அலங்காரம் என்று நாம் சிலபேர் நமக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் விஷயங்களில் எனக்கிருந்த சில தீர்மானங்களை நாலு அங்குல பிளாஸ்டிக் கலைத்துப்போட்டுவிட்டது. அதைச் சொல்லவே இது.

வேலை நிமித்தம் ஐந்து வருஷம் இங்கிலாந்தில் நாட்டிங்காமில் இருந்தேன். மேஜைப்போர் ஆட்டத்துக்கு அந்த ஊர் ஒரு தலைநகரம் மாதிரி. இதற்கான பொம்மைகளைத் தயாரிக்கும் பெரிய கம்பெனிகள் அங்கேதான் இருக்கின்றன. வாரத்தில் ஒரு மாலை, தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். ஆறடிக்கு நாலடி மேஜை. பச்சைத் துணி, தேங்காய்நாரில் செய்த புதர்கள், அட்டையில் ஒரு பிரெஞ்சு கிராமம். இரண்டு பக்கமும் டாங்கிகள். இஞ்சு டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டி, பட்டதா படவில்லையா என்று பார்ப்பார்கள். பட்டு அழிந்த டாங்கியின்மேல் கறுப்புச் சாயமேற்றிய பஞ்சுத் துணுக்கு ஒன்றை வைப்பார்கள். அதுதான் புகை. ஆட்டம் முடிந்ததும் பஞ்சை எடுத்து டப்பியில் போட்டுவிட்டு, டாங்கியைத் துடைத்துப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த வாரம் அதே டாங்கி மறுபடி சண்டைக்கு வரும்.

இந்த ஆட்டத்துக்கு நல்ல இலக்கிய வம்சாவளி உண்டு. எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். வீட்டுத் தரையில் தகரச் சிப்பாய்களை நிறுத்தி, ஸ்பிரிங் பீரங்கியால் மரத்துண்டை எய்து விளையாட விதிகள் சொல்கிற புத்தகம். அதில் டாங்கி கிடையாது. உலகத்திலேயே அப்போது டாங்கி கிடையாது. ஆனால் அதே வெல்ஸ் பத்து வருஷம் முன்பே, 1903 டிசம்பரில், 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் எழுதிய கதையொன்றில் இரும்புக் கவசம் போட்டு நிலத்தில் ஊர்ந்துவரும் யுத்த யந்திரங்களைக் கற்பனை செய்துவிட்டிருந்தார். நிஜ டாங்கி 1916 செப்டம்பர் 15இல் ஸாம் யுத்தத்தில் வந்திறங்கியது. ஆக, யந்திரத்தை முன்கூட்டியே கண்ட அதே மனசுதான் அதைக் கொண்டுவராத விளையாட்டையும் கண்டது. விளையாட்டு நிஜ யுத்தத்தைப் பரிகசிக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அது பலிக்கவில்லை என்பதை 1914 சொல்லிவிட்டது.

இனி யதார்த்தம். 1/72 என்பது பிரபலமான ஓர் அளவு. எட்டரை மீட்டர் நீளமுள்ள ஜெர்மன் டைகர் டாங்கி இதில் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதன் நெற்றிக் கவசம் நிஜத்தில் 100 மில்லிமீட்டர். பொம்மையில் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இதுவரை கணக்கு சரி. ஆனால் அந்த ஆறடி மேஜை? அதே அளவில் பார்த்தால் அது வெறும் 130 மீட்டர் சொச்சம். டாங்கிகள் ஆயிரம் மீட்டரில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டவை. அந்த ஆயிரத்தை 1/72இல் விரிக்க வேண்டுமானால் பதினாலு மீட்டர் வேண்டும். ஒரு சின்னக் கல்யாண மண்டபம் வேண்டும். ஆகவே பூமிக்கு ஓர் அளவு, அதன்மேல் நிற்கும் டாங்கிக்கு வேறோர் அளவு. இது மேஜையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கூத்தில் கிரீடமும் புஜகீர்த்தியும் அத்தனை நுணுக்கம். குருக்ஷேத்திரமோ பத்தடிக் களம். நடிகன் ஒரு சுற்றுச் சுற்றிவந்தால் காததூரம் போனதாக அர்த்தம். அளவுப் பொருத்தமின்மை அங்கே குறையல்ல, அதுதான் உருவம். மேஜைப்போரும் அப்படி ஓர் உருவம்தான். ஆனால் டாங்கி செய்கிறவன் இதை ஒப்புக்கொள்வதில்லை. தன் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குள் யதார்த்தத்தை நுண்மையாக, இன்னும் நுண்மையாக ஏற்றிக்கொண்டே போகிறான். ஆட்டத்தின் உருவம் அதைக் கேட்கவே இல்லை. ஏரியலுக்கு பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்தியில் வாட்டி மயிரிழையாக இழுக்கிறான். தார்ப்பாய்க்கு டிஷ்யூ காகிதத்தைப் பசையில் நனைத்து மடிக்கிறான். டைகரின் உடம்பில் காந்த வெடியை ஒட்டவிடாமல் ஜெர்மானியர்கள் பூசிய வரிவரியான சாந்துக்கு எபாக்ஸி புட்டியைத் தடவி, காய்வதற்குள் ஸ்க்ரூடிரைவர் நுனியால் கோடு கோடாக அழுத்துகிறான். (சென்னை திரும்பிய பிறகு இதற்கு எம்-ஸீல் போதுமென்று கண்டுகொண்டேன். குழாய் ஒழுகலுக்கு வாங்கியதில் மிச்சம்.) இதையெல்லாம் மூன்றடி தூரத்தில் நின்று ஆடுகிறவன் கண்ணால்கூடப் பார்க்கமுடியாது.

இந்தச் சிரத்தையை நான் மதிக்கிறேன். அதே சிரத்தை எப்போது வெறும் பாணியாகச் சரிகிறது என்பதுதான் என் கேள்வி.

துருவை எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடித்து முடித்த டாங்கியின்மேல் நீர்த்த பழுப்புச் சாயத்தை இடுக்குகளில் ஓடவிடுவது, வெளிறிய நிறத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் விளிம்புகளில் தேய்ப்பது, ஸ்பாஞ்சால் பெயின்ட் உதிர்ந்த மாதிரி ஒற்றுவது, கடைசியில் துரு. எழுபதுகளில் பெல்ஜியத்து வெர்லின்டனும் அமெரிக்காவில் ஷெப் பெய்னும் இதையெல்லாம் செய்துகாட்டியபோது அது ஒரு பார்வை. பொம்மைக்குக் காலத்தைக் கொடுத்தார்கள். இப்போது துரு குப்பியில் கிடைக்கிறது. சண்டை நடக்கும்போதே பத்து வருஷம் மழையில் கிடந்த மாதிரி டாங்கிகள் மேஜைக்கு வருகின்றன. நிஜத்தில் பல டாங்கிகள் துருப்பிடிக்கும் வரை பிழைத்திருக்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த சில வாரங்களுக்குள் முடிந்துபோனவை ஏராளம். பெயின்ட் புதுசாக இருக்கும்போதே செத்தவைக்குத் துரு ஒரு பொய்யான வயோதிகம். நம் சிறுகதைகளில் ஏழை என்றால் உடனே கிழிந்த பாயும் ஒழுகும் கூரையும் வந்துவிடுகிறதல்லவா, அதே சங்கதி. பார்த்து எழுதுவதில்லை, குப்பியைத் திறக்கிறார்கள்.

எண்ணிக்கையிலும் பொய் உண்டு. டைகர் மொத்தமே சுமார் 1,350தான் செய்யப்பட்டது. அமெரிக்க ஷெர்மன் சுமார் 49,000. மேஜைகளில் எண்ணிப் பார்த்தால் இதைத் தலைகீழாக நினைக்கத் தோன்றும். டைகர் அழகாக இருக்கிறது; அதன்மேல் வேலைசெய்யக் கை துறுதுறுக்கிறது. அந்த அழகு யாருக்காக ஓடியது என்பது பெட்டியின் மூடியில் அச்சடித்திருப்பதில்லை. டார்செட்டில் பாவிங்டன் மியூசியத்தில் இருக்கும் டைகரை — 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிடிபட்டது — நானும் போய்ப் பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அரைமணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

கம்பெனிகளைப் பற்றி நிறைய எழுதலாம், எழுத மனமில்லை. ஒன்று மட்டும். நாட்டிங்காமிலிருந்தே 1987இல் வெளியான 'வார்ஹாமர் 40,000' என்ற எதிர்காலப் போர் ஆட்டத்தின் ஆரம்ப நாட்களில், காலி டியோடரன்ட் குப்பியிலிருந்து மிதக்கும் டாங்கி செய்ய அவர்களே வழி சொல்லிக்கொடுத்தார்கள். இன்று எல்லாவற்றுக்கும் கிட் விற்கிறார்கள். குப்பியை டாங்கியாகக் காண்பதற்கு ஒரு கண் வேண்டும். கிட்டுக்குக் கத்தரியும் பசையும் போதும்.

ஷெர்மனுக்கு வருகிறேன். என் விஷயமே அதுதான். அதன் கவசம் போதாது என்பது அதில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. மணல் மூட்டைகளை அடுக்கினார்கள், உபரிச் சங்கிலித் துண்டுகளை முன்னால் தொங்கவிட்டார்கள், சிலர் சிமென்டே பூசினார்கள். மணல் மூட்டை பிரயோஜனமில்லை, எடைதான் கூடும் என்று ஜெனரல் பேட்டன் கடிந்துகொண்டார். இருந்தும் அடுக்கினார்கள். இன்று ஷெர்மனை 'மாற்றிச் செய்கிற' எவனும் முதலில் கை வைப்பது இந்த மூட்டைகளில்தான். புட்டியை உருட்டி, தட்டி, துணி நெசவு தெரிய வலையை அழுத்தி, ஒவ்வொன்றாக அடுக்குகிறான். நானும் அடுக்கினேன். கிளப்பில் எல்லோரும் மெச்சினார்கள். வீட்டுக்கு வந்து விளக்கடியில் பார்த்தபோது சங்கடமாக இருந்தது. அவர்கள் பயத்தில் செய்ததை நான் அழகுக்காகச் செய்திருக்கிறேன். வடிவம் அச்சாக வந்துவிட்டது. அதைப் பிறப்பித்தது மட்டும் வரவில்லை. நகல் என்பதன் முழு அர்த்தமும் எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது.

டொனால்ட் ஃபெதர்ஸ்டோனை நினைத்துக்கொண்டேன். இரண்டாம் உலகப்போரில் டாங்கிப் படையில் இத்தாலியில் இருந்தவர். 1962இல் 'வார் கேம்ஸ்' என்ற புத்தகம் எழுதி இந்த ஆட்டத்துக்கு மறுபிறவி கொடுத்தவர். உள்ளே உட்கார்ந்து பார்த்தவர். அவருக்கு பொம்மை பொம்மையாக இருந்தால் போதுமாக இருந்தது என்பது என் அனுமானம். உட்காராத நமக்குத்தான் இத்தனை துரு வேண்டியிருக்கிறது.

அதன் பிறகு ஒரு காரியம் செய்தேன். அதே ஷெர்மனுக்கு ஒரு ஜோடி, எரிந்த ஷெர்மன். பஞ்சுக்குப் பதிலாக, அடிபட்டதும் நல்ல டாங்கியை எடுத்துவிட்டு இதை அந்த இடத்தில் வைக்கலாம் என்று உத்தேசம். யுத்தகாலப் புகைப்படங்களை வைத்துக்கொண்டு இரண்டு மாசம் உட்கார்ந்தேன். எரிந்த டாங்கி கறுப்பாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். மேஜைப் பஞ்சு சொல்லிக்கொடுத்த நிறம் அது. அப்படியில்லை. பெயின்ட் கருகி உதிர்ந்த வெற்று இரும்பு, சில நாட்களிலேயே செங்காவியாகத் துருவேறிவிடுகிறது. சூடு அதிகமான இடங்களில் சாம்பல் வெளுப்பு. (துருவுக்கு நியாயமான இடம் இங்கேதான்.) சக்கரங்களைச் சுற்றியிருக்கும் ரப்பர் எரிந்துபோய்விடுவதால் டாங்கி சற்றே தாழ்ந்து உட்காரும். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பையும் அரத்தால் ராவினேன். பெரும்பாலும் தீப்பிடித்தது பெட்ரோல் அல்ல, உள்ளே அடுக்கிய குண்டுகள். 1944இல்தான் குண்டு அடுக்குகளைச் சுற்றித் தண்ணீர்ப் பெட்டி வைக்க ஆரம்பித்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு போனேன். எதிரே ஆடியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், சாது. மூன்றாவது சுற்றில் அவருடைய பகடைக்கு என் ஷெர்மன் விழுந்தது. நான் எரிந்ததை எடுத்து வைத்தேன். கையில் எடுத்துப் பார்த்தார், சக்கரங்களைப் பார்த்தார், மேஜைக்கு வெளியே வைத்தார். "நன்றாகச் செய்திருக்கிறீர்கள். ஆனால் இது இங்கே இருந்தால் நான் எப்படி பகடை உருட்டுவது? பஞ்சையே வையுங்கள்" என்றார். வைத்தேன். ஆட்டம் நடந்தது. அவர்தான் ஜெயித்தார்.

அவர் சொன்னது தவறு என்று என்னால் சொல்லமுடியவில்லை. பஞ்சு ஒரு மரபு. அது இருக்கிறதாலேயே ஆடமுடிகிறது. ஆனால் வட ஆற்காட்டில் நான் சின்ன வயசில் பார்த்த பதினெட்டாம் போரும் ஆட்டம்தானே? அங்கே படுகளத்தில் துரியோதனனை மண்ணால் செய்து கிடத்துவார்கள். தெருவை அடைத்துக்கொண்டு, பல ஆள் நீளம். வீமன் வேஷக்காரன் அதன் தொடையில் அடிப்பான். திரௌபதி அங்கேதான் கூந்தல் முடிவாள். விழுந்தவனுக்குத்தான் அங்கே எல்லாவற்றிலும் பெரிய அளவு. நின்று சண்டைபோடுகிறவர்கள் வெறும் மனுஷ அளவு. அதைப் பார்த்து யாரும் ஆட்டம் கெட்டுப்போயிற்று என்று எழுந்துபோனதில்லை. இரண்டு உருவங்களில் எது முதிர்ந்தது என்று கவிஞ நண்பர் கேட்டால் பதில் வைத்திருக்கிறேன். நாட்டிங்காம் ஆசிரியர் கேட்டால் இல்லை.

எரிந்த ஷெர்மன் இன்னும் முடியவில்லை. ஆரம்பகால ஷெர்மனின் டரெட் என்கிற சுழலும் தலைப்பகுதியில் மேலே ஒரே ஒரு மூடி. மூன்று பேர் அது வழியாகத்தான் ஏறி வரவேண்டும். கீழே ஓட்டுநருக்கும் பக்கத்திலிருப்பவருக்கும் ஆளுக்கொரு மூடி. டரெட் ஒரு பக்கம் திரும்பி நின்றுவிட்டால் பீரங்கிக் குழாய் கீழ்மூடியின் மேல் குறுக்கே வந்துவிடும், திறக்கமுடியாது. ஆட்டத்துக்கான டாங்கியில் காந்தம் வைத்திருப்பதால் டரெட் எந்தப் பக்கமும் சுழலும், கவலையில்லை. எரிந்ததில் அதை ஓரிடத்தில் நிறுத்தி ஒட்டியாக வேண்டும். எந்த மூடி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்றும் நான்தான் தீர்மானிக்க வேண்டும். மேல்மூடியைத் திறந்து ஒட்டிவிட்டேன். பக்கத்திலிருப்பவருடையதையும் திறந்துவிட்டேன். குழாய் இப்போது இடதுபக்கம் சாய்ந்து நிற்கிறது. ஓட்டுநரின் மூடி தனியாக, தீப்பெட்டிக்குள் இருக்கிறது.